கட்டங்களின் உலகம் – 14: பழைய ஆல்பத்துக்குக் கட்டுப்பட்டவர்கள்

சென்ற வாரம் கேப்டன் டைகரின் இளமைக் கதையோடு நிறுத்தியிருந்தோம். அந்த மாதிரி முன்கதை எழுதுகிறவருக்கு ஒரு சௌகரியம் உண்டு. அந்தக் கதையின் களமான அமெரிக்க உள்நாட்டுப் போர் நிஜமாக நடந்தது. எந்தப் படைக்கு என்ன சீருடை, எந்த வருஷத்தில் எந்தத் துப்பாக்கி என்று வரலாற்றுப் புத்தகத்தைப் புரட்டி வரைந்துவிடலாம். விஞ்ஞானப் படக்கதைக்கு முன்கதை எழுத உட்காருகிறவர் புரட்டுவதற்கு ஒரே புத்தகம்தான் இருக்கிறது, அந்தப் பழைய ஆல்பம். நடக்காத போரும் பறக்காத விமானமும் இல்லாத பேரரசும் அதில் மட்டும்தான் கிடைக்கும்.

பிளேக், மார்ட்டிமர் என்ற இரட்டையரை எடுத்துக்கொள்வோம். 1946 செப்டம்பர் 26-ல் பெல்ஜியத்தில் 'டின்டின்' வார இதழ் பிறந்தது. முதல் இதழிலேயே எட்கர் பி. ஜேக்கப்ஸின் 'வாள்மீனின் ரகசியம்' தொடங்கி, 1949 வரை ஓடியது. லாசாவில் இருந்து ஆளும் பசாம் டம்டு என்ற பேரரசன் உலகத் தலைநகரங்கள் மீது திடீரெனக் குண்டு வீசுகிறான். மூன்றாம் உலகப் போர் மூளுகிறது. அவனை முறியடிக்க விஞ்ஞானி மார்ட்டிமர் உருவாக்கும் விமானம்தான் வாள்மீன். கடலுக்கடியில் இருந்தே சீறிக் கிளம்பும். பிளேக் அவருடைய நண்பர், ராணுவ கேப்டன். வில்லன் கர்னல் ஒல்ரிக்.

ஜேக்கப்ஸ் ஓபரா பாடகராக இருந்தவர். 1944 முதல் எர்ஜேயிடம் சேர்ந்து அவருடைய டின்டின் கதைகளுக்குப் பின்னணி வரைந்தார், வண்ணம் தீட்டினார். 'ஒட்டோகரின் செங்கோல்' வண்ணப் பதிப்பாக மறுபடி வரையப்பட்டபோது, சில்டேவியா என்ற கற்பனை நாட்டின் உடுப்புகள் பால்கன் பக்கத்து உடுப்புகளாக மாறியதில் அவருக்குப் பெரிய பங்குண்டு. பாத்திரத்தின் முகத்துக்குப் பின்னால் தெரியும் சுவரில் என்ன மாட்டியிருக்கிறது என்று கவலைப்பட்டே பழகிய கை அது. சொந்தக் கதையிலும் ஒரு குழாயை, ஒரு கைப்பிடியைக்கூட அவர் சும்மா விடவில்லை.

அப்படிப்பட்டவர் கதையில்தான் யானை நுழையும் அளவுக்கு ஓட்டை. இரண்டாம் உலகப் போரின் சூடு ஆறுவதற்குள் மூன்றாவது போர் எப்படி வந்தது? ஒரு நாடு சத்தமில்லாமல் இத்தனை ஆயுதம் குவித்ததை உலகம் எப்படிக் கவனிக்காமல் விட்டது? கதையில் இதற்குப் பதில் இல்லை. அதைவிட வேடிக்கை பின்னால் வருகிறது. 1953-ல் தொடங்கிய 'மஞ்சள் எம்' கதையில் லண்டன் முழுசாக, மழையில் நனைந்தபடி அழகாக நிற்கிறது. மூன்றாம் உலகப் போரைப் பற்றி யாரும் மூச்சு விடுவதில்லை! வாரா வாரம் பக்கம் முடித்துக் கொடுக்க வேண்டியவருக்கு அந்தக் கவலை வராததை நான் குறையாகச் சொல்ல மாட்டேன்.

ஜேக்கப்ஸ் 1987-ல் இறந்தார். அந்த ஓட்டையை அடைக்கும் வேலை 2014-ல் எழுத்தாளர் ஈவ் சாந்த், ஓவியர் ஆந்த்ரே ஜுய்யார் இருவர் தலையில் விழுந்தது. 'புளூட்டார்க்கின் கோல்' என்ற அந்த ஆல்பம் 1944 வசந்தத்தில் தொடங்குகிறது. லண்டனைத் தாக்க வரும் ஜெர்மானிய விமானத்துக்கு வாலே கிடையாது, முழுக்க இறக்கைதான். அதைத் தடுக்க பிளேக் 'கோல்டன் ராக்கெட்'டில் ஏறிப் பறக்கிறார். பழைய வாசகன் நிமிர்ந்து உட்காருவது இங்கேதான். 1946 கதையில், ஸ்கேஃபெல் தொழிற்கூடத்தில் இருந்து இரண்டு நண்பர்களும் தப்பித்துப் போகும் அதே விமானம்!

எங்கள் குமாரபாளையத்தில் தறியில் பாவு தீர்ந்தால், புதுப் பாவின் நூல்முனைகளைப் பழைய பாவின் முனைகளோடு ஒவ்வொன்றாகப் பிணைப்பார்கள். கட்டம் போட்ட லுங்கி என்றால் சிவப்பு இழை சிவப்போடுதான் சேர வேண்டும்; ஒன்று இடம் மாறினாலும் அடுத்த கெஜத்தில் காட்டிக்கொடுத்துவிடும். முன்கதைக்காரர்கள் பிணைப்பதும் இப்படித்தான். ஜுய்யாரின் பெரிய நேர்மை, 2014-ல் உட்கார்ந்துகொண்டு விமானத்தை நவீனமாக்கவில்லை என்பது. 'ஸ்டார் வார்ஸ்' 1977-ல் வந்தது. அதற்கு முந்தைய காலத்தைச் சொல்ல 1999-ல் வந்த படத்தின் கப்பல்கள் பளபளவென்று மின்னின. பாட்டன் காலத்துச் சாமான் பேரன் காலத்தைவிடப் புதுசாக இருந்தது. ஜுய்யார் அந்தத் தவற்றைச் செய்யவில்லை.

ஆனால் சாந்த் விளக்கிக்கொண்டே போகிறார். பழைய ஆல்பத்தின் முதல் பக்கத்தில் யார் எங்கே இருந்தார்களோ அங்கே கொண்டுபோய் நிறுத்துவதே கடைசிப் பக்கங்களின் பிழைப்பாகிவிடுகிறது. லாசாவைப் பயங்கரமாகக் காட்டும் பழைய வெள்ளைக்கார மனப்பான்மையும் கூடவே வந்துவிட்டது. நிஜத்தில் 1944-ன் அந்த வசந்தத்தில் லாசாவில் இருந்த தலாய் லாமாவுக்கு ஒன்பது வயதுகூட முடியவில்லை. அந்தச் சித்திரிப்பைச் சரிசெய்தால் பழைய கதை விழுந்துவிடும், விட்டால் இன்றைய வாசகன் முகம் சுளிப்பான். தொடர்ச்சிக்குக் கட்டுப்பட்டவருக்கு இதில் நல்ல வழி கிடையாது.

நமக்கு நெருக்கமான ஒரு பின்னணியும் இதில் உண்டு. 'வாள்மீனின் ரகசிய'த்தில் மார்ட்டிமரைச் சிறைவைக்கும் ஊர் கராச்சி. தொடர் தொடங்கியபோது அது பிரிட்டிஷ் இந்தியா, ஓடிக்கொண்டிருக்கும்போதே பாகிஸ்தானாகிவிட்டது. 'புளூட்டார்க்கின் கோல்' வருவதற்கு முன்பே இதே சாந்தும் ஜுய்யாரும் 'ஆறாவது கண்டத்தின் கல்பேழைகள்' என்று இரண்டு பாகம் செய்தார்கள் (2003, 2004). அதில் இளைஞன் மார்ட்டிமர் சிம்லாவில் இருக்கும் பெற்றோரைப் பார்க்க வருகிறான். இரு நண்பர்களும் முதலில் சந்திப்பது பம்பாயில். காந்திகூட எட்டிப் பார்க்கிறார். இவ்வளவு தேவையா என்றுதான் எனக்குத் தோன்றியது. இரண்டு ஆண்கள் எப்போது நண்பர்களானார்கள் என்பதை வாசகன் கேட்கவே இல்லையே!

தமிழில், முன்கதை தேவையா என்ற இந்தக் கேள்வியை இரும்புக்கை மாயாவியிடம் வைத்துப் பார்க்கலாம். 1962-ல் பிரிட்டனின் 'வேலியன்ட்' இதழில் பிறந்தவர், 1972-ல் முத்து காமிக்ஸின் முதல் வெளியீடாகச் சிவகாசியில் இருந்து நம்மிடம் வந்தார். நாம் அறிந்த மாயாவி நிழற்படை உளவாளி. ஆனால் ஜீசஸ் பிளாஸ்கோ வரைந்த ஆரம்பக் கதையில் அவர் பேராசிரியர் பாரிங்கரின் உதவியாளர். சக்தி கிடைத்ததும் குற்றத்தில் இறங்குகிறவர். பழைய புத்தகக் கடையில் கிடைத்ததைக் கிடைத்த வரிசையில் படித்த நமக்கு, நல்லவர் முதலில் வந்தார், கெட்டவர் பிறகு வந்தார். யாரும் எழுதாமலே நாம் ஒரு முன்கதையைப் படித்துவிட்டோம்.

கதை தொடங்கும்போதே அவருக்கு வலது கை போய் இரும்புக்கை வந்துவிட்டது. அந்த விபத்து முதல் கட்டத்துக்கும் முன்னால் நடந்தது. யாராவது அதை வரையப் புறப்பட்டால், பாரிங்கரின் ஆய்வுக்கூடத்தில் பிளாஸ்கோ வரைந்த கருவிகளை ஒவ்வொரு கட்டமாக எண்ணி எடுத்துக்கொண்டுதான் பேனாவைத் தொட வேண்டும். அடுத்த வாரம், 'ரத்தப் படல'த்தின் கிளைக்கதைகள்.