வெளிநாட்டு ஒட்டுக் கத்தி வாங்குவோர் கவனத்திற்கு

மா, சப்போட்டா, ரோஜா ஆகியவற்றில் ஒட்டுக் கட்டும் விவசாயிகளிடையே வெளிநாட்டு மடக்குக் கத்திகளின் மீது நாட்டம் கூடி வருகிறது. நல்ல எஃகு, ஒரு பக்கம் மட்டும் சாணை பிடித்த அலகு, பட்டையை விலக்கப் பிடியின் மறுமுனையில் ஒரு நாக்கு ஆகியவை இவற்றின் சிறப்பு. கைப்பேசியில் பார்த்து, பணம் கட்டி வரவழைக்கிறார்கள். முறைப்படி வாங்கிய பொருளேயானாலும் பொட்டலம் சுங்கத் துறையில் நின்றுவிடுவது உண்டு.

எனக்குப் பழக்கமான நாற்றுப் பண்ணையாளர் ஒருவர் இவ்வாறு சுமார் 4,000 ரூபாய்க்கு ஒரு கத்தி வரவழைத்தார். உறையின் மேல் 'மடக்குக் கத்தி' என்று மட்டுமே எழுதியிருந்தது. விளக்கம் கேட்டு அவருக்குக் கடிதம் வந்தது. கடிதத்தில் 'ஆயுதம்' என்ற சொல்லைக் கண்டதும் வழக்காகிவிடுமோ என்று பயந்து, அவர் பதிலே எழுதவில்லை. கெடு முடிந்தது, கத்தியும் போயிற்று. ஒட்டுக் கட்டும் பருவத்தில் பழைய கத்தியையே தீட்டிக்கொண்டிருந்தார். பதில் எழுதியிருந்தால் கத்தி பெரும்பாலும் கைக்கு வந்திருக்கும் என்பது என் கருத்து.

நமது ஆயுதச் சட்டம் 1959ஆம் ஆண்டைச் சேர்ந்தது. உரிமம் இன்றி ஆயுதத்தை வெளிநாட்டிலிருந்து கொண்டுவரக் கூடாது என்கிறது அச்சட்டம். ஆனால் வீட்டு உபயோகத்திற்கோ விவசாயத்திற்கோ மட்டுமே செய்யப்பட்ட பொருள் ஆயுதம் ஆகாது என்றும் அதுவே சொல்கிறது. 2016ஆம் ஆண்டு விதிகளின் அட்டவணையில், அலகு 9 அங்குலத்திற்கு மேல் நீளமோ 2 அங்குலத்திற்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் இடம்பெறுகின்றன. அங்கும் வீட்டு, விவசாய, அறிவியல், தொழில் உபயோகத்திற்கான கத்திகளுக்கு விலக்கு உண்டு. ஒட்டுக் கத்தியின் அலகு இரண்டு, மூன்று அங்குலந்தான்.

அப்படியானால் தகராறு எங்கே வருகிறது? பெரும்பாலும் கத்தி திறக்கும் விதத்தில் வருகிறது. சாதாரண ஒட்டுக் கத்தியின் அலகில் நகம் பதிக்க ஒரு பள்ளம் இருக்கும். பிடியின் முதுகில் உள்ள வில் அலகை மடங்கிய நிலையிலேயே அழுத்திப் பிடித்திருக்கும். நாம் விரலால் இழுத்தால்தான் அது திறக்கும். பொத்தான் கத்தியில் வில்லின் வேலை நேர்மாறானது. பொத்தானை அழுத்தியதும் வில் அலகை வெளியே தள்ளிவிடும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு வகையும் உண்டு. கட்டை விரலால் அலகைச் சிறிது நகர்த்தினால் மீதியை வில் முடித்துவிடும்.

இந்த இடைப்பட்ட வகைதான் அமெரிக்காவில் பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. அங்கே 1958ஆம் ஆண்டுச் சட்டம், பிடியிலுள்ள பொத்தானாலோ, புவியீர்ப்பு அல்லது உதறும் வேகத்தாலோ தானாகத் திறக்கும் கத்திகளைத் தடுத்தது. (ஒரு கை மட்டுமே உள்ளவர் 3 அங்குலம் வரை அலகுள்ள பொத்தான் கத்தியைத் தம்மிடம் வைத்துக்கொள்ளலாம் என்று அதில் ஒரு விலக்கு இருக்கிறது. கைத்தொழில் தெரிந்த யாரோ யோசித்துச் சேர்த்திருக்க வேண்டும்.) இடைப்பட்ட வகைக் கத்திகளை இறக்குமதி செய்யலாம் என்று அந்நாட்டுச் சுங்கத் துறை முன்பு தீர்ப்புகள் அளித்திருந்தது. 2009 மே மாதத்தில், அத்தீர்ப்புகளை விலக்கிக்கொண்டு இவற்றையும் தடுக்கப்போவதாக அது அறிவித்தது. 'உதறினால் திறக்கும்' என்ற பொருள்கோளை விரித்தால், பண்ணையாளர்களும் தச்சர்களும் பையில் வைத்திருக்கும் ஒரு கைக் கத்திகள் பலவும் அதில் சிக்கிவிடும் என்று எதிர்ப்பு எழுந்தது. அவ்வாண்டு அக்டோபரில் நாடாளுமன்றமே சட்டத்தைத் திருத்தியது. அலகை மூடிய நிலையில் பிடித்திருக்கும் அமைப்பு இருந்து, அதை மீறிக் கையால் அலகைத் தள்ளித் திறக்க வேண்டியிருந்தால், அக்கத்தி தடைக்குள் வராது என்று எழுதினார்கள்.

கனடாவின் குற்றவியல் சட்டத்திலும் உதறினால் திறக்கும் கத்திகளுக்குத் தடை உண்டு. அங்கே அதிகாரி மணிக்கட்டைச் சுண்டிப் பார்க்கிறார். திருகாணி தளர்ந்த நல்ல கத்திகூட இந்தச் சோதனையில் திறந்துகொள்ளும்.

நம் நாட்டிலும் டில்லியில் 1980ஆம் ஆண்டு அறிவிக்கை ஒன்று வந்தது. பொத்தானாலோ வில்லாலோ திறக்கும் கத்திகளில், அலகு 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும் அவற்றிற்கு மேலும் உள்ளவற்றை அது கட்டுப்பாட்டின் கீழ் கொண்டுவந்தது. ஆகவே விவசாயிகள் நகப்பள்ளம் உள்ள சாதாரண ஒட்டுக் கத்தியையே வாங்குதல் நலம். பொத்தான், வில் உந்துதல் உள்ளவை வேண்டாம். ஒட்டுக் கட்டும் வேலைக்கு அந்த வேகத்தால் ஒரு பயனும் இல்லை.

உறையின் மேல் 'தோட்டக்கலை ஒட்டுக் கத்தி' என்று எழுதி, அலகின் நீளத்தையும் குறிக்கும்படி விற்பவரிடம் கேட்க வேண்டும். விலையைக் குறைத்து எழுதச் சொல்லாதீர்கள். வெளிநாட்டில் வேலை செய்யும் பிள்ளைகள் தீர்வையைத் தவிர்க்க 'அன்பளிப்பு' என்று எழுதி அனுப்புவது வழக்கம். உயிர்காக்கும் மருந்துகளுக்கும் ராக்கிக்கும் தவிர, இந்தச் சலுகை 2019 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. ஊருக்கு வரும்போது அவர்களே கொண்டுவந்தால் விமானத்தில் கைப்பையில் வைக்கக் கூடாது; சரக்கில் போடும் பெட்டியில்தான் வைக்க வேண்டும்.

பொட்டலம் நிறுத்தப்பட்டுக் கடிதம் வந்தால் கெடுவுக்குள் பதில் எழுதுங்கள். வாங்கிய ரசீது, கத்தியின் படமும் அளவும் உள்ள விளம்பரப் பக்கம், நாற்றுப் பண்ணை உரிமம் இருந்தால் அதன் நகல் ஆகியவற்றை இணைக்கலாம். 1962ஆம் ஆண்டு சுங்கச் சட்டப்படி, பறிமுதல் செய்வதற்கு முன் உரியவருக்குக் காரணம் கேட்கும் அறிவிப்புத் தர வேண்டும். தடை செய்யப்படாத பொருளானால், பறிமுதலுக்குப் பதிலாக அபராதம் கட்டி மீட்டுக்கொள்ளும் வாய்ப்பையும் தர வேண்டும். ஆணை பாதகமாக வந்தால் 60 நாட்களுக்குள் சுங்க ஆணையரிடம் (மேல்முறையீடு) முறையிடலாம். ஆணை வந்த உறையையும் அஞ்சல் முத்திரையோடு பத்திரப்படுத்துங்கள். கெடு எந்த நாளிலிருந்து தொடங்குகிறது என்பதற்கு அதுவே சாட்சி.