மருந்துக்குக் கேட்காத சிறுநீரகம்

காலையில் எழுந்ததும் குழந்தையின் கண்ணிமைகள் வீங்கியிருக்கின்றன. சிறுநீர் நுரைத்துப் போகிறது. சோதித்தால் அதில் புரதம் ஏராளம். நெஃப்ரோட்டிக் சிண்ட்ரோம் எனப்படும் இந்த நோய் பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஸ்டீராய்டு கொடுத்த சில வாரங்களில் அடங்கிவிடும். சிலருக்கு மட்டும் எவ்வளவு கொடுத்தாலும் அசையாது.

காரணத்தின் முதல் நுனி பின்லாந்தில் கிடைத்தது. அங்கே ஏறத்தாழ 8,000 பிறப்புகளில் ஒரு குழந்தைக்கு இந்நோய் பிறவியிலேயே வரும். பழுதான மரபணுவை 1998இல் கார்ல் டிரிக்வாசனின் குழு அடையாளம் கண்டது. அது உருவாக்கும் புரதத்தின் பெயர் நெஃப்ரின்.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் பத்து லட்சம் வடிகட்டிகள் உள்ளன. அவற்றின் நுண்குழாய்களை போடோசைட் என்னும் செல்கள் விரல் கோத்ததுபோல் தழுவியிருக்கின்றன. விரலுக்கும் விரலுக்கும் நடுவே 40 நானோமீட்டர் அளவில் ஓர் இடுக்கு. இருபுறமிருந்தும் நீளும் நெஃப்ரின் மூலக்கூறுகள் அங்கே ஒன்றோடொன்று பிணைந்து சல்லடை ஆகின்றன. நாளுக்கு 180 லிட்டர் நீர் இதன் வழியே வடிந்தும் புரதம் இரத்தத்திலேயே நிற்கிறது. எனக்கு அலுக்காத வியப்பு இது.

2000இல் பாரிஸ் ஆய்வாளர்கள் அதே சல்லடையைச் சார்ந்த போடோசின் என்ற இன்னொரு புரதத்தின் மரபணுவைக் கண்டனர். ஸ்டீராய்டுக்குக் கேட்காத பிள்ளைகள் பலரிடம் பழுது இதில்தான் இருந்தது. ஸ்டீராய்டு நோய் எதிர்ப்பாற்றலின் சீற்றத்தைத் தணிக்கும் மருந்து. சல்லடையே பிழையாகப் பின்னப்பட்டிருந்தால் அது எதைத் தணிக்கும்? மருந்துக்குக் கேட்காத பிள்ளைக்கு மரபணுச் சோதனையில் பழுது உறுதியானால், முகத்தை வீங்கவைத்து வளர்ச்சியைக் குன்றவைக்கும் வீண் மாத்திரைகளை நிறுத்தலாம். இது சின்ன விஷயமல்ல.

அப்படியானால் மருந்துக்குக் கேட்கும் பிள்ளைகளின் உடலில் நடப்பது என்ன? 2024இல் வெளியான ஓர் ஆய்வு, அத்தகைய பிள்ளைகள் பலரின் இரத்தத்தில் எதிர்ப்பொருள்கள் இருப்பதைக் காட்டியது. அவை குறிவைப்பதும் அதே நெஃப்ரினைத்தான். நன்றாகப் பின்னிய சல்லடையை உடலே தாக்குகிறது; தாக்குதலை மருந்து அடக்கியதும் சல்லடை மீள்கிறது.

இரண்டு கதைகளும் சந்திக்கும் இடமும் பின்லாந்துதான். நெஃப்ரினே இல்லாமல் பிறந்த குழந்தைக்கு மாற்றுச் சிறுநீரகம் பொருத்துகிறார்கள். உடலுக்கு அறிமுகமே இல்லாத நெஃப்ரின் அதனுடன் உள்ளே வருகிறது. சிலருக்கு உடல் அதை அந்நியமாகக் கருதி எதிர்ப்பொருள் உண்டாக்க, புரதம் மறுபடி ஒழுகத் தொடங்கும். இம்முறை பிளாஸ்மாவை மாற்றி, எதிர்ப்பாற்றலை அடக்கும் சைக்ளோஃபாஸ்ஃபமைடு கொடுத்தால் பலருக்கு ஒழுக்கு நிற்கிறது.