கரும்புள்ளியும் அழுக்கும்

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது முதியோர் வாக்கு. அவர்கள் கருதியது முகக்குறிப்பையேயன்றி முகத்தோலையன்று. இவ்வேறுபாட்டை நாம் மறந்தமையால் வளரும் பிள்ளைகள் படும் துயர் சிறிதன்று. மூக்கிலும் நெற்றியிலும் கரும்புள்ளி கண்டவுடன், "முகம் கழுவுவதில்லையோ?" என வினவுவோர் எங்கள் அச்சுவேலியிலும் உளர், பிறவூர்களிலும் உளர்.

கரும்புள்ளி அழுக்கன்று. தோலின் மயிர்த்துளைகளை ஒட்டி நெய்ச்சுரப்பிகள் உள்ளன. பூப்புப் பருவத்தில் அந்நெய் மிகும். உதிரவேண்டிய தோலணுக்கள் அதனோடு கலந்து துளையை அடைக்கும். துளைவாய் மூடியிருப்பின் அது வெண்புள்ளி. திறந்திருப்பின், அடைப்பிலுள்ள நெய்யும் மெலனின் என்னும் நிறப்பொருளும் காற்றுப்பட்டுக் கறுக்கும், அதுவே கரும்புள்ளி. அரிந்த வாழைக்காயும் காற்றுப்பட்டுக் கறுக்கின்றது. அதனை அழுக்கென்பார் யார்?

என் மாணவி ஒருத்தி தேசிக்காய்ச் சாற்றில் உப்பைக் கலந்து தேய்த்து, மூக்கைப் புண்ணாக்கிக்கொண்டாள். பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தவள் மேடையேற மறுத்தாள். அவளைத் தடுத்தது புள்ளியன்று, அழுக்கென்னும் சொல்லே.

உடல் காக்கும் கல்வி யாழ்ப்பாணத்தார்க்குப் புதிதன்று. 1847இல் இங்கு வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்தார், நூல்களையும் தமிழாக்கினார். உடல்நலம் பேணுந் துறைக்கு அவர் நூல் வழங்கும் பெயர் 'உற்பாலனம்'. பாலனமாவது காத்தல், உரஞ்சித் தேய்த்தலன்று.

காக்கும் முறை எளியது. காலையும் மாலையும் மென்மையான சவர்க்காரத்தால் முகங் கழுவுதல் போதும். நம் குடாநாடு சுண்ணக்கல்மேற் கிடப்பது. கிணற்றுநீர் பலவிடத்தும் கடினமானது. சவர்க்காரப் படிவு தோலில் தங்கும். ஆதலின் நன்கு அலம்புக. தலைக்கிட்ட தேங்காயெண்ணெய் நெற்றிக்கு வழியாதிருக்கட்டும். அது துளைகளை அடைக்கக்கூடும். நகத்தாற் பிதுக்கினால் வீக்கமும் வடுவுமே எஞ்சும்.

மருந்துகளும் உள. சாலிசிலிக் அமிலம் அடைப்பைத் தளர்த்தும். அடபலீன் என்னும் களிம்பு புதிய அடைப்பைத் தடுக்கும். அதனை வைத்தியர் சொற்படி இரவிற் பூசுதல் வேண்டும். கருவுற்றோர் தவிர்த்தல் வேண்டும். பயன் தெரியப் பல கிழமைகள் செல்லும்; பொறுமை வேண்டும்.

அப்பொறுமையின்மையையே சிலர் விலையாக்குகின்றனர். சில நாளில் முகம் வெளுக்கும் என விற்கப்படும் பூச்சுகள் சிலவற்றில் பாதரசம் கலந்துள்ளது. அது தோலின் வழியே உட்புகுந்து சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கும். 2013இல் உருவான மினமாட்டா உடன்படிக்கை அத்தகைய பூச்சுகளை விலக்கியுள்ளது. உள்ளடக்கம் எழுதப்படாத பூச்சை வாங்காதீர்கள்.

ஆசிரிய நண்பர்களே, களிம்பு தருதல் வைத்தியர் கடன். 'அழுக்கு' என்ற சொல்லைப் பிள்ளையின் முகத்தினின்றும் அகற்றுதல் நம் கடன். அதற்குச் செலவு ஒரு சதமும் இல்லை.