ஆவியும் அனலும் ஒரே பெட்டியில்

வாடகை ஏற ஏற ஓட்டல்களில் முதலில் சுருங்குவது சமையலறைதான். காசு வருவது சாப்பாட்டு மேசைகளில் அல்லவா! ஆவியில் வேகவைக்க ஒன்று, சுட ஒன்று என்று பரப்பி வைக்க இடம் ஏது?

ஜெர்மனியின் லாண்ட்ஸ்பெர்க் நகரில் சீக்ஃபிரீட் மைஸ்டர் 1973-ல் தொடங்கிய ராசியோனல் நிறுவனம், 1976-ல் இரண்டு வேலையையும் ஒரே பெட்டிக்குள் கொண்டுவந்தது. இன்று காம்பி ஓவன் என்கிறார்கள்.

ஆவி, குளிர்ந்த உணவின் மேல் பட்டதும் நீராகிறது. அப்போது தன் வெப்பத்தை உணவுக்குக் கொடுத்துவிடுகிறது. அதனால் உணவு சீக்கிரம் வேகும், உலராது. பிறகு ஆவியை வெளியேற்றிவிட்டு, விசிறியால் சூடான காற்றைச் சுழற்றினால் மேல்பக்கம் பொன்னிறமாகும். கோழி உள்ளே சாறோடும் வெளியே மொறுமொறுப்பாகவும் வருவது இப்படித்தான். இட்லியும் இதில் வேகும். தோசைக்கு மட்டும் கல்தான் வேண்டும்!

இடம் மிச்சமாவது உயரத்தால். 530க்கு 325 மில்லிமீட்டர் என்ற பொது அளவில் செய்த தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகலாம். பத்துத் தட்டு கொள்ளும் பெட்டி ஒரு சதுர மீட்டர் தரைக்குள் அடங்கிவிடும். அதே தட்டு குளிர்பெட்டிக்கும் போகும், பரிமாறும் மேடைக்கும் வரும்.

விலை கொஞ்சம் அதிகம்தான். உப்புத் தண்ணீர் ஊர்க்காரர்கள் தண்ணீரை மென்மையாக்கும் கருவியையும் சேர்த்தே வாங்க வேண்டும். இல்லாவிட்டால் ஆவி உண்டாகும் இடத்தில் உப்புப் படிந்துவிடும்.