பயிற்சிச் செலவும் பணி விலகலும்

நிலமும் வீடும் ஊரில் இருக்க, தொழிலறிவு ஒன்றையே கைம்முதலாகக் கொண்டு மும்பை, புனே, பெங்களூரு, ஐதராபாத், தில்லி முதலிய நகரங்களில் வாழ்வோர் நம்மவருள் மிகப் பலர். வேலையில் சேரும் நாளன்று அவர்கள் கையெழுத்திடும் தாள்களுள் ஒன்று, ஊழியர் வழக்கில் ‘பாண்டு’ எனப்படும் பயிற்சிப் பத்திரம். நிறுவனம் தன் செலவில் பயிற்சி தரும். ஊழியர் குறித்த காலம்வரை பணியாற்ற வேண்டும். இடையில் விலகினால் குறித்த தொகையைக் கட்ட வேண்டும். இதுவே அப்பத்திரத்தின் சாரம். இதனைக் கால்விலங்கென்று அஞ்சுவோர் சிலர். வெறுந்தாள் என்று இகழ்வோர் சிலர். இவ்விரு எண்ணமும் பொருந்தா. இப்பத்திரத்தின் வலிமை எவ்வளவு, அதன் எல்லை யாது என்பதை நேயர்களுடன் சிறிது ஆராய விரும்புகிறோம்.

பத்திரத்தை மீறியவரைச் சிறையில் அடைக்கலாமோ என்னும் ஐயத்தை முதலில் தீர்த்துக்கொள்வோம். ஒரு காலத்தில் அதற்கும் சட்டம் இருந்தது. 1859 ஆம் ஆண்டின் தொழிலாளர் ஒப்பந்த மீறல் சட்டப்படி, முன்பணம் பெற்றபின் வேலையைச் செய்யாது விலகிய கைவினைஞரையும் கூலியாளையும் மாஜிஸ்திரேட்டின் முன் நிறுத்தலாம். அவர் இட்ட ஆணைக்கும் பணியாதவர்க்கு மூன்று மாதம்வரை கடுங்காவல் விதிக்கலாம். அச்சட்டம் 1925 இல் நீக்கப்பட்டது. இன்று பத்திரக் காலம் முடியுமுன் வேலையை விட்டு விலகுதல் மட்டுமே குற்றமாகாது. அது சிவில் நீதிமன்றத்தில் தீர வேண்டிய பண வழக்கு. நிறுவனத்தின் பொருளையோ தொழில் இரகசியத்தையோ கவர்ந்து சென்றால் அது வேறு செய்தி. மனமில்லாத ஊழியரை மீண்டும் அதே நாற்காலியில் அமர்ந்து உழைக்குமாறு நீதிமன்றமும் ஆணையிடுவதில்லை.

அவ்வாறாயின் பத்திரம் செல்லாதோ எனின், செல்லும் என்றே கூற வேண்டும். 1872 ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27 ஆம் பிரிவு, ஒருவர் நேர்மையான தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்படிக்கை செல்லாது என்கிறது. ஆயினும் ஊழியர் ஒப்புக்கொண்ட பணிக்காலத்துக்குள் அடங்கிய கட்டுப்பாடு, நியாயமானதாயின், அப்பிரிவினுள் வராது என்பது நீதிமன்றங்களின் முடிவு.

1967 இல் உச்ச நீதிமன்றத்தில் தீர்ந்த வழக்கு ஒன்று இதனை விளக்கும். மும்பைக்கு அணித்தான கல்யாணில் டயருக்குரிய நூல் செய்யும் ஆலையொன்று, அயல்நாட்டு நிறுவனங்களிடமிருந்து தொழில்முறையைப் பெற்றிருந்தது. அங்கே ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்த மேற்பார்வையாளர் ஒருவர், 1963 இல் மார்ச்சு முதல் டிசம்பர்வரை பயிற்சி பெற்றார். மறு ஆண்டே மிகுந்த சம்பளத்தை நாடி, கோட்டா நகரில் அதே தொழில் செய்த ஆலைக்குச் சென்றுவிட்டார். ஒப்பந்தக் காலத்துக்குள் அவர் அத்தகைய பணியில் ஈடுபடலாகாது என்ற தடையை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

2025 மே மாதத்தில் அந்நீதிமன்றமே, 2019 இல் பரோடா வங்கியுடன் இணைந்துவிட்ட விஜயா வங்கியின் வழக்கில், மூன்றாண்டு முடியுமுன் விலகும் அதிகாரி 2 இலட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற ஷரத்து செல்லும் எனத் தீர்ப்பளித்தது. அங்கே எண்ணப்பட்டது பயிற்சிச் செலவன்று. அதிகாரி இடையில் விலகுவதால் பொதுத்துறை வங்கிக்கு மீண்டும் நேரும் ஆள்தெரிவுச் செலவே.

பத்திரம் செல்லும் என்பதனால், அதில் எழுதிய தொகை முழுவதையும் எப்போதும் கட்டியே தீர வேண்டும் என்று கொள்ளலாகாது. ஒப்பந்தச் சட்டத்தின் 74 ஆம் பிரிவை ஊழியர் ஒவ்வொருவரும் நினைவிற் கொள்ளுதல் நன்று. ஒப்பந்தத்தில் குறித்த தொகை நஷ்டஈட்டின் மேல்வரம்பே ஆகும். அதற்கு உட்பட்டு நியாயமான ஈட்டையே நீதிமன்றம் வழங்கும் என்பது அதன் கருத்து. நஷ்டத்தைக் கணக்கிடுதல் அரிதாக இருந்து, குறித்த தொகையும் நேர்மையான மதிப்பீடாகத் தோன்றினால், முழுத் தொகையும் வழங்கப்படலாம். அச்சுறுத்துவதற்கென்றே எழுதப்பட்ட பெருந்தொகைக்கு அந்த மதிப்பு இல்லை.

தில்லி உயர்நீதிமன்றம் 2011 இல் முடிவு செய்த வழக்கு இதற்குத் தக்க சான்று. மூன்றாண்டுப் பத்திரம் எழுதிய ஊழியர் ஒருவர் இரண்டாண்டு பணியாற்றிவிட்டு விலகினார். அவர் பயிற்சிக்காக நிறுவனம் செலவிட்டதாக மெய்ப்பிக்கப்பட்ட தொகை 67,596 ரூபாய். மூன்றில் இரு பங்குக் காலம் உழைத்துக் கொடுத்தமையால், எஞ்சிய ஒரு பங்காகிய 22,532 ரூபாய் கட்டினால் போதும் என்று முடிவாயிற்று. எல்லா வழக்கிலும் இதே கணக்கு நடக்கும் என்று உறுதி கூற இயலாது. ஆயினும் நியாயத்தின் போக்கை இது காட்டுகிறது: மெய்யாகச் செலவானது எவ்வளவு? உழைத்துத் தீர்த்தது எவ்வளவு? எஞ்சியது எவ்வளவு? பயிற்சி என்று பெயரிட்டு வழக்கமான வேலையையே வாங்கியிருந்தால், செலவென்று காட்ட நிறுவனத்திடம் என்ன இருக்கும்?

1961 ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி சேர்ந்தோர்க்கு முறை வேறு. பழகுநரின் தவறால் ஒப்பந்தம் முறிந்தால் அவரோ அவருடைய காப்பாளரோ பயிற்சிச் செலவைத் தர வேண்டும், ஆனால் அத்தொகையை முடிவு செய்பவர் பழகுநர் ஆலோசகராகிய அரசு அலுவலரே, முதலாளி அல்லர். முதலாளியின் தவறால் முறிந்தால் அவரே பழகுநர்க்கு ஈடு தர வேண்டும்.

வெளிமாநிலத்தில் இருப்போர் சிறப்பாகக் கருத வேண்டியது ஜாமீன் கையெழுத்து. ஊரிலுள்ள தந்தையோ தாய்மாமனோ பிள்ளையின் நலம் கருதி, படித்துப் பாராமலே கையெழுத்திட்டு அனுப்பிவிடுவார். ஒப்பந்தச் சட்டத்தின் 128 ஆம் பிரிவுப்படி, வேறு விதமாக எழுதப்பட்டிருந்தாலன்றி, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமமானது. மகன் புனேயில் வேலையை விட்டால், வக்கீல் நோட்டீசு தஞ்சை மாவட்டத்துக் கிராமத்து வாசலுக்கு வரக்கூடும். ஆகவே ஜாமீன் இடுவோர்க்குத் தொகையையும் காலத்தையும் தாய்மொழியில் விளக்கிச் சொல்லுதல் பிள்ளைகளின் கடமை.

படிப்புச் சான்றிதழ்களை ஈடாகப் பிடித்து வைக்கும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. சான்றிதழ் விற்பனைப் பண்டம் அன்று. அதன்மீது பற்றுரிமை கொள்ள இயலாது என்று சென்னை உயர்நீதிமன்றம் கூறியுள்ளது. எனவே சரிபார்க்க நகலைக் கொடுத்து, மூலத்தைக் காட்டித் திரும்பப் பெறுதலே முறை. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத்தொகுப்பின்படி, விலகிய ஊழியரின் நிலுவைச் சம்பளத்தை இரண்டு வேலைநாட்களுக்குள் தர வேண்டும்.

கையெழுத்திடுமுன் கேட்க வேண்டியவை சிலவே. பயிற்சி யாது, எத்தனை நாள்? செலவு எவ்வளவு? காலம் செல்லச் செல்லத் தொகை குறையுமா? நிறுவனமே வேலையிலிருந்து நீக்கினால் என்ன ஆகும்? வழக்கு எந்த ஊர் நீதிமன்றத்தில் நடக்கும்? தெரியாத மொழியில் பத்திரம் இருப்பின், தெரிந்தவர் ஒருவரைக்கொண்டு படிக்கச் செய்து, ஒரு நகலையும் வாங்கி வைத்தல் வேண்டும்.

விலகுங்காலத்தும் சொல்லாமல் புறப்படுதல் தகாது. எழுத்தில் அறிவித்து, பயிற்சிச் செலவின் கணக்கைக் கேட்டு, உழைத்த காலத்தைக் கழித்து, எஞ்சியதைத் தருவதாகச் சொல்லுதல் நேர்வழி. புதிய நிறுவனம் அத்தொகையை ஏற்க முன்வருவதும் உண்டு. தகராறு முற்றினால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 1987 ஆம் ஆண்டின் சட்டப்படி மகளிர்க்கும், ஆலைத் தொழிலாளர்க்கும், வருமானம் குறைந்தோர்க்கும் அங்கே இலவச உதவி உண்டு.

கற்பித்தவர்க்குச் செலவு ஈடாக வேண்டும். கற்றவர்க்கு முன்னேறும் வழி அடைபடலாகாது. இவ்விரண்டையும் நிறுத்துப் பார்க்கும் தராசே சட்டம். தராசு நம் பக்கம் நேராக நிற்க, நம் கையில் கணக்கும் பத்திரத்தின் நகலும் இருத்தல் வேண்டும்.