கரியமில வாயுவிலிருந்து பாலிதீனா?

நிக்கல் முலாம் பூசும் பட்டறையில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு மின்வாய் புதிதல்ல. தொட்டி நிறையக் கரைசல், அதில் இரண்டு தகடுகள். மின்சாரம் பாய்ந்ததும் ஒரு பக்கம் உலோகம் படிகிறது. கிட்டத்தட்ட இதே ஏற்பாட்டில், ஆலைப் புகைபோக்கிகள் கக்கும் கரியமில வாயுவைப் பயனுள்ள சரக்காக மாற்றலாம் என்கிறார்கள் விஞ்ஞானிகள்.

எந்த உலோகம், என்ன பலன்?

என்ன சரக்கு கிடைக்கும் என்பதைத் தகட்டின் உலோகமே முடிவு செய்கிறது. வெள்ளியும் தங்கமும் கார்பன் மோனாக்சைடைத் தருகின்றன. நச்சு வாயுதான், ஆனால் இரசாயன ஆலைகளுக்கு மூலப்பொருள். வெள்ளீயம் தருவது ஃபார்மிக் அமிலம். ரப்பர் பாலை உறைய வைக்க உதவுவது. செம்பு தனி ரகம். ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில் யோஷியோ ஹோரி குழுவினர், செம்பில் மீத்தேனும் எத்திலீனும் கிடைப்பதை 1980-களில் காட்டினர். பாலிதீன் பைக்கு மூலம் இந்த எத்திலீன்தான்.

இட்லித் துணி வித்தை

ஆனால் கரியமில வாயு தண்ணீரில் அதிகம் கரையாது. சாதாரணமாக லிட்டருக்குச் சுமார் 1.5 கிராம்தான். மூழ்கிய தகட்டுக்கு வாயு போதாதபோது, மின்சாரம் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜனை உண்டாக்குவதில் வீணாகிறது.

ஆகவே துளைகள் நிறைந்த மின்வாயை வடிவமைத்தார்கள். இட்லித் தட்டில் விரிக்கும் துணியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆவி மேலே வரும், மாவு கீழே ஒழுகாது. இங்கும் ஒரு பக்கம் வாயு, மறு பக்கம் கரைசல். நடுவே நீர் ஒட்டாத டெஃப்லான் சேர்த்த கார்பன் தாள். அதன்மேல் மெல்லிய செம்புப் பூச்சு. வாயு துளைகள் வழியே நேராகச் செம்புக்கு வந்து சேருகிறது.

தாள் ஊறிப்போனால் வேலை கெட்டது. உப்புப் படிந்து துளைகள் அடைபடுவதும் உண்டு. ஆலைக்குப் பயன்பட வேண்டுமானால் ஆயிரக்கணக்கான மணி நேரம் தாங்க வேண்டும். ஆராய்ச்சிக்காரர்களின் போராட்டம் இங்கேதான்.

மின்சாரம் எங்கிருந்து?

நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி இன்றும் நிலக்கரியிலிருந்தே வருகிறது. அந்த மின்சாரத்தில் ஒரு கிலோ வாயுவை எத்திலீனாக்கினால், மின் நிலையத்தின் புகைபோக்கியில் அதைப்போல் பல மடங்கு வாயு வெளியேறும். வரவு எட்டணா, செலவு பத்தணா கதைதான்! வெயிலும் காற்றும் தரும் மின்சாரமே இதற்குப் பொருந்தும்.

இனி இப்படியொரு ஆலை வரப்போகிறது என்று செய்தி வந்தால், இரண்டு கேள்வி கேளுங்கள்: மின்வாய் எத்தனை மணி நேரம் தாங்கியது? மின்சாரம் எங்கிருந்து வந்தது?