இறைக்க மறுக்கும் நீர்ப்பம்பி

துலாவும் பட்டையும் கொண்டு நீர் இறைத்த காலத்திலே பழுது என்பது கண்ணுக்குத் தெரியும் பொருளாயிருந்தது. கயிறு தேய்ந்தால் தெரியும். பட்டை கிழிந்தால் ஒழுகும். இன்று நானாட்டான் போன்ற ஊர்களில் வீட்டுக் கிணற்றருகே மின்சார நீர்ப்பம்பி அவ்வேலையைச் செய்கிறது. அது நின்றுவிட்டால் சமையலும் குளிப்பும் பாத்திரம் கழுவுதலும் ஒருங்கே நின்றுவிடுகின்றன. உள்ளே நிகழ்வது தெரியாமையால், பழுதென்றதும் புதியதொன்று வாங்கவே பலர் எண்ணுகின்றனர். அயலவர் ஒருவர் அவ்வாறு பணமும் எடுத்து வைத்துவிட்டார். குழாயை மேலே இழுத்துப் பார்த்தபோது, அதன் அடியிலிருந்த வால்விலே ஓர் இலை சிக்கியிருந்தது. அவ்வளவே பழுது!

நேயர்களே, முதலில் ஒரு விதியை மனத்திற் கொள்ளுங்கள். பம்பியைத் தொடுமுன் ஆளியை அணைத்தால் மட்டும் போதாது. செருகியையும் கழற்றிவிட வேண்டும். ஈரக் கையோடும் வெறுங்காலோடும் அதனை அணுகலாகாது. நம் வீடுகளுக்கு வரும் 230 வோல்ற்று மின்சாரம் உயிரைக் கொள்ளப் போதுமானது.

இனி, ஆளியைப் போட்டதும் பம்பி என்ன செய்கிறது என்று செவிகொடுத்துக் கேளுங்கள். ஓசையே இல்லையாயின், வீட்டிலே மின்சாரம் உண்டா, ‘ட்ரிப் சுவிட்ச்’ எனப்படும் பாதுகாப்பு ஆளி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். அதனை ஒருமுறை உயர்த்தலாம். மீண்டும் விழுமாயின், எங்கோ மின்சாரம் கசிகிறது என்று எச்சரிக்கிறது. அந்த ஆளியை விலக்கிவிட்டு நேரே இணைப்புக் கொடுப்பது காவலாளியைக் கட்டி வைத்துவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதற்கு ஒப்பாகும். அவ்வேளையில் மின்வினைஞரை அழைப்பதே முறை.

‘ம்ம்’ என்று முனகுகிறது, ஆனால் சுழலவில்லை என்றால் உடனே அணைத்துவிடுங்கள். தாமதித்தால் கம்பிச் சுருள் கருகிவிடும். செருகியைக் கழற்றிய பின், பின்புறத்து விசிறி மூடியை அகற்றி, அச்சைக் கையாற் சுழற்றிப் பாருங்கள். நெடுநாள் ஓடாதிருந்த பம்பியிலே துரு பிடித்து அச்சு இறுகிவிடுவதுண்டு. மெல்ல மெல்லத் திருப்பினால் அது இளகக்கூடும். அச்சு எளிதாகச் சுழன்றும் பம்பி முனகுமாயின், ஓட்டத்தைத் தொடக்கி வைக்கும் கொள்ளளவி பழுதுற்றிருக்கலாம். செருகியைக் கழற்றிய பின்னும் கொள்ளளவியில் மின்னேற்றம் தங்கியிருக்கக் கூடுமாதலால், அதனை மாற்றும் பணியைத் தேர்ந்தவரிடம் விடுக.

பம்பி நன்றாகச் சுழல்கிறது, நீர் மட்டும் வரவில்லை என்பதே நாம் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு. பம்பி நீரை மேலே இழுப்பதில்லை. குழாயினுள் அமுக்கத்தைக் குறைக்கிறது. அப்போது கிணற்று நீரின் மேலுள்ள வளிமண்டலமே நீரைக் குழாயினுள் தள்ளுகிறது. உள்ளே காற்றிருந்தால் இது நடைபெறாது. எனவே, பம்பியின் மேலுள்ள திருகைக் கழற்றி, அந்தத் துவாரம் நிரம்ப நீரூற்றிச் சற்றுப் பொறுத்திருங்கள். நீர்மட்டம் தாழுமாயின் எங்கோ ஒழுக்கு உண்டு. கிணற்றினுள் இறங்கும் குழாயின் மூட்டுகளில் ஈரம் கசிகிறதா என்று பாருங்கள். பம்பி ஓடும்போது இவ்வொழுக்கு வெளியே தெரியாது. ஏனெனில் அப்போது நீர் வெளியே வராது, காற்றே உள்ளே நுழையும். மூட்டுகள் உலர்ந்திருந்தால் குற்றம் அடிவால்விலேயே இருக்கக்கூடும். குழாயை மேலே எடுத்து, சிக்கியுள்ள இலையையும் நாரையும் மணலையும் அகற்றி, வால்வின் இறப்பர் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள்.

ஊற்றிய நீர் தாழாதிருந்தும் பம்பி இறைக்கவில்லையாயின், அடியிலுள்ள வடி அடைபட்டுள்ளதா என்று பாருங்கள். அதுவும் சுத்தமாயின், பம்பியை விட்டுக் கிணற்றைப் பாருங்கள். வளிமண்டலம் தாங்கக்கூடிய நீர்நிரலின் உயரத்திற்கு எல்லை உண்டு. இத்தாலிய அறிஞர் தொரிசெல்லி, காற்றின் அமுக்கம் ஏறத்தாழ 76 சென்ரிமீற்றர் உயரமான இரசத்தைத் தாங்கும் என்று 17ஆம் நூற்றாண்டிலே காட்டினார். நீருக்கு அது சுமார் 10 மீற்றர். குழாயின் உராய்வு முதலியன கழிய, நடைமுறையில் 7 மீற்றர் அளவுக்கே வீட்டுப் பம்பியை நம்பலாம். கட்டுக்கரைக் குளத்து வாய்க்கால்கள் வற்றி, வடகீழ்ப் பருவமழை இன்னும் தொடங்காத புரட்டாதி மாதத்திலே கிணற்று நீர் இந்த எல்லைக்குக் கீழே சென்றுவிடக்கூடும். கயிற்றிலே கல்லைக் கட்டி இறக்கி, பம்பியிலிருந்து நீர்மட்டம் வரை அளந்து பாருங்கள். இறைக்கிற கிணறே ஊறும் என்பது முதுமொழி. ஆயினும் நீர் எட்டாத பம்பியை ஓடவிட்டால், நீரால் குளிரவேண்டிய அதன் அடைப்பு வளையங்கள் வெந்து கெடும்.

இவ்வேளையிலே சிலர் மண்ணெண்ணெய் அல்லது பெற்றோல் இயந்திரத்தைக் கிணற்றினுள்ளே இறக்கி இயக்குகின்றனர். இதை ஒருபோதும் செய்யாதீர்கள். அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு நிறமும் மணமும் அற்றது. கிணற்றின் ஆழத்திலே தங்கி, இறங்கியவரை மயங்கச் செய்யும். அவரைத் தூக்க இறங்குபவரும் அவ்வாறே விழுவார். யாரேனும் உள்ளே விழுந்துவிட்டால் பின்னால் இறங்காது, இயந்திரத்தை நிறுத்த முடிந்தால் மேலிருந்தே நிறுத்தி, உடனே உதவிக்கு ஆட்களை அழையுங்கள். நீர்மட்டம் தாழ்ந்த கிணற்றுக்கு நீரினுள்ளே மூழ்கி இயங்கும் மின்பம்பியே தக்க பரிகாரம். அதுவும் இல்லாத வீட்டில், மழை வரும்வரை வாளியும் கயிறும் கைகொடுக்கும். சில நாள் தோள் நோவதனால் ஒரு குடும்பம் கெட்டுவிடாது.